முதல் வருடத்துக்கு ஒரு ரூபாய்

‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணக் குறியீடு: 17.’

ராக்கையா மச்சான் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பதினேழை வைத்தவனே நான்தான். ஏதாவது ஒரு எண் வைத்துக்கொள் என்று கம்பெனியில் சொன்னார்கள். போடிமெட்டு ஏறும்போது பதினேழு வளைவு இருக்கிறதே, அதையே வைப்போம் என்று குசும்பாக வைத்தேன். சென்னையில் எவனுக்கும் இது புரியாது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

“பதினேழுன்னா என்ன மாப்ளே? பதினேழு நாள் கழிச்சு வரச் சொல்றாகளா?”

“உக்காருங்க மச்சான். பாக்குறேன்.”

அவர் உட்காரவில்லை. எப்படி உட்காருவார்?

மச்சான் என் அக்கா முத்துப்பிரியாவின் வீட்டுக்காரர். ஊர் சிலமலை. மலைக்கு மேலே கேரளத்தில், பூப்பாறைப் பக்கம் பேபிச்சன் என்கிற முதலாளியிடம் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, பதினோரு வருடமாக அக்காவும் அவரும் அதிலேதான் கிடக்கிறார்கள். போன கோடையில் நாலு மாதம் சொட்டு மழை இல்லை. டேங்கர் டேங்கராகத் தண்ணீர் அடித்தார்கள். அக்கா நகையெல்லாம் அடகுக்குப் போனது. கடைசியில் செடி தட்டையோடு கருகியதுதான் மிச்சம். இப்போது புதிதாக நடவேண்டும். கர்க்கடகம் ஒண்ணாம் தேதிக்குள், அதாவது நம் ஆடி ஒன்றுக்குள், தோட்டத்தில் செடி நிற்காவிட்டால் குத்தகை முறிந்துபோகும் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. முதலாளியைக் குற்றம் சொல்ல முடியாது. தரிசாகக் கிடக்கிற நிலத்தை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார்?

நாற்றங்கால் வைத்திருக்கிற ஜக்கையன் ஆறு லட்சத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். நாற்று, குழி, நடவு, முதல் வருடம் முழுக்கப் பராமரிப்பு, எல்லாம் அதில் அடக்கம். ஆனி இருபதுக்குள் பணம் கைக்கு வரவேண்டும், இல்லையென்றால் நாற்று வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். குத்தகை நிலத்தை நம்பிக் கடன் தருவதற்கு எங்களுக்குத் தெரிந்து ஒரே ஒரு கம்பெனிதான் இருந்தது. நான் மென்பொருள் எழுதிக்கொடுத்த கம்பெனி. மச்சானுக்கு இந்தச் செய்தி வந்தது ஆனி ஐந்தாம் தேதி.

நான் போடியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். தெருவில் யாரைக் கேட்டாலும், “பிரதீப்பா? சோலி கீலி இல்லாம பொட்டிய பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்” என்பார்கள். எரிச்சலாக வரும். அந்தக் கடன் கம்பெனிக்காக நான் எழுதியது ஒரே ஒரு கணக்கு. அக வருவாய் விகிதம் என்பார்கள். நிலத்தில் இன்று போடுகிற பணத்தையும் பின்னால் வருடா வருடம் வரப்போகிற பணத்தையும் வைத்து, போட்ட காசு வருடத்துக்கு எத்தனை சதவீதம் வளர்கிறது என்று சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் விடை சொல்கிற கணக்கு இல்லை அது. குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரிதான். உத்தேசமாக ஒரு சதவீதத்தைப் போட்டு, கூடுதலா குறைச்சலா என்று பார்த்துத் திருத்திக்கொண்டே போகவேண்டும். பதினெட்டுக்கு மேல் வந்தால் கடன் உண்டு. கீழே வந்தால் கிடையாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. முதலில் செலவு, அப்புறம் வரவு என்று ஒரே தடவை மாறினால் விடை ஒன்றுதான். செலவு, வரவு, மறுபடி செலவு, மறுபடி வரவு என்று மாறி மாறி வந்தால் ஒரே கணக்குக்கு இரண்டு மூன்று விடைகூட வரும். எதை நம்பிக் கடன் கொடுப்பது? அதனால் நான் ஒரு காவல் வைத்தேன். மைனஸும் பிளஸும் ஒரு தடவைக்கு மேல் மாறினால் விடை சொல்லாதே, பதினேழு என்று சொல்லித் திருப்பி அனுப்பு. நடுவில் ஏதாவது ஒரு வருடம் பூஜ்யமாக இருந்தால் தடுமாறக் கூடாதே என்று, பூஜ்யத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகவும் எழுதினேன். கடன் கம்பெனியின் பக்கத்திலிருந்து எங்கள் வேலையை மேற்பார்க்கிற வித்யா மேடம், நாலு பேருக்கு முன்னால் “பிரமாதம் பிரதீப்” என்றார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் மச்சான் போன் பண்ணினார். “மாப்ளே, ஒரு எட்டு வந்து இந்தப் பாரத்த நெரப்பிக் குடுத்துட்டுப் போயேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எல்லாம் தமிழ்லதான மச்சான் இருக்கு? செலவுன்னா மைனஸ் போடுங்க, வரவுன்னா சும்மா போடுங்க, ஒண்ணும் இல்லேன்னா பூஜ்யம். சின்னப்பிள்ள போடும். எனக்கு மீட்டிங் இருக்கு” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அதற்கும் அவர் சிரித்தார். “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்னு சொல்லுவாக. நமக்குப் பூசாரியே மாப்ளதான். அப்புறம் என்ன கவலை?”

இப்போது அவர் போனில் அந்தப் பாரத்தைத் திறந்தேன். நடவுக்கு மைனஸ் ஆறு லட்சம். இரண்டாம் வருடம் குழாய்க்கும் உரத்துக்கும் மைனஸ் ஒன்றரை லட்சம். மூன்றாம் வருடம் காய் வந்து கையில் நாலு லட்சம். அடுத்த இரண்டு வருடமும் ஆறு ஆறு லட்சம். ஒரு பைசா கூட்டிச் சொல்லவில்லை. இந்த மனிதர் அப்படித்தான். ஆனால் முதல் வருடக் கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. ஒரு ரூபாய்.

“மச்சான், மொத வருசத்துல இந்த ஒரு ரூவா எங்கயிருந்து வந்துச்சு?”

“எங்கயிருந்தும் வரல. அந்த வருசம் காயும் கெடையாது, செலவும் ஜக்கையன் தலைல. ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லேன்னா பூஜ்யம்ல போடச் சொன்னேன்?”

மச்சான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “என்ன மாப்ளே பேசுற? புதுசா நடப்போற எடத்துக்கு நேரா பூஜ்யம் போடுவாகளா? ஒங்க அக்கா அடிக்க வந்துருவா. அவதான் ‘ஒத்த ரூவாயாச்சும் போடுங்க’ன்னு பக்கத்துல நின்னா.”

எனக்குத் தெரியாதா இது? எங்கள் வீட்டிலும் எங்களைப் போன்ற பல வீடுகளிலும் நிலத்துக்கு நேரே பூஜ்யம் எழுதுவதில்லை. எங்கள் அப்பா தோட்டம் பார்த்த காலத்தில், மழையால் காய் எடுக்காத நாளுக்கும் எடைச் சிட்டையில் ஒரு கிலோ என்றுதான் இருக்கும். எட்டாவது படிக்கும்போது நான் ஒரு நாள் சிட்டையில் பூஜ்யம் போட்டுவிட்டேன். அப்பா பிடரியில் போட்ட அடி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அத்தனையும் தெரிந்த நான், ஒரு மேதாவி, பூஜ்யத்தைத் தாண்டிப் போக வழி பண்ணினேன். என் வீட்டு ஆட்கள் பூஜ்யமே போடமாட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை. செலவு, ஒரு ரூபாய் வரவு, மறுபடி செலவு, மறுபடி வரவு. மூன்று தடவை மாறிவிட்டது. நான் வைத்த காவல் நான் சொன்னபடியே என் அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அந்த ஒன்றைப் பூஜ்யமாக்கி என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டரைச் சதவீதம். ஒன்றாகவே வைத்து, காவலை எடுத்துவிட்டு ஓட்டினேன். அதே இருபத்திரண்டரை. ஒரு ரூபாயால் எதுவுமே மாறவில்லை. கடன் மட்டும் இல்லை.

“அப்ப பூஜ்யம் போட்டிருந்தா கெடச்சிருக்குமா?” என்று மச்சான் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. “கெடச்சிருக்கும் மச்சான்.”

அவர் சன்னல் பக்கம் போனார். கீழே தெருவில் ஏலக்காய் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இத ஒங்க அக்காட்ட சொல்லிறாத. அவ சொல்லித்தான் போட்டேன். தாங்கமாட்டா.”

“சத்தியமா சொல்லல.”

“சரி, இன்னொரு தடவ போட்டா ஆச்சு. வெரசாப் போடு.”

போட முடியாது. ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட நிலத்தின் எண் நூற்றெண்பது நாளைக்குப் பூட்டிக்கொள்ளும். இன்றைக்குக் கிடைக்காவிட்டால் நாளைக்கு வேறு கணக்குச் சொல்லிக் கடன் வாங்கிவிடுவார்கள் என்று அந்த விதி. அதை நான் எழுதவில்லை. ஆனால் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

வித்யா மேடத்துக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷி. “நூறு ரூபாய்க்குக் கீழ இருந்தா பூஜ்யமா எடுத்துக்கோன்னு ஒரு வரி சேர்த்தாப் போதும், இல்லையா?”

“ஒரே வரிதான் மேடம். எழுதிட்டேன். சோதனையும் பண்ணிட்டேன்.”

“ஆனா தணிக்கை நடக்குது பிரதீப். செப்டம்பர் வரைக்கும் ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது. நானே நெனச்சாலும் முடியாது.”

“ஒரே ஒரு விண்ணப்பத்த மட்டும் யாராவது கையால பாத்துப் போட்டுவிட முடியாதா?”

“ஆள் கை படாத முடிவுன்னுதானே ஊரெல்லாம் விளம்பரம் பண்றாங்க.” பிறகு கேட்டார்: “அது யாரோட விண்ணப்பம்?”

“எங்க அக்கா வீட்டுக்காரரோடது.”

“அய்யோ. இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கணக்கு எழுதினவரே உறவுக்காரர்னு எழுத்துல வந்துட்டா, அந்த விண்ணப்பத்தை எப்பவுமே திறக்கமாட்டாங்க. உங்க வேலையும் போயிடும்.”

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அதனால்தான் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? போனை வைத்துவிட்டு, பதினேழு வந்த விண்ணப்பங்களை எண்ணிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மட்டும் அறுபத்தொன்று. ராசிங்காபுரம், சிலமலை, கம்பம் என்று ஊர் பேர்கள் வரிசையாக வந்தன. அதில் ஐம்பத்து நாலில் ஏதாவது ஒரு கட்டத்தில் அந்த ஒரு ரூபாய் உட்கார்ந்திருந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லா வீட்டிலும் ஒரு அக்கா பக்கத்தில் நின்றிருப்பாள்.

என்னிடம் இருந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதை எடுத்துக்கொண்டு மச்சானோடு ஜக்கையனிடம் போனேன். அவர் நாற்றுப் பைகளுக்கு நடுவே நின்று ரூபாயை வாங்காமலே பேசினார்.

“அப்பு, இதுக்கு முக்கால் ஏக்கர்கூட நட முடியாது. நாத்துக்கு நானே வட்டிக்கு வாங்கிப் போட்டிருக்கேன். ராக்கையா முகத்துக்காக இருபது வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னையக் கேக்காதீக.”

அங்கிருந்து அப்படியே பைக்கை மெட்டுக்கு விட்டோம். வளைவுக்கு வளைவு பலகையில் எண் எழுதியிருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அது பாட்டுக்கு வந்தது. பதினேழு வந்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தோட்டத்தில் கருகிய தட்டையை ஏற்கெனவே வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். மழை பிடித்துவிட்டது. மண் நன்றாக நனைந்து, குழி தோண்டு தோண்டு என்று கிடந்தது. பேபிச்சன் முதலாளி குடையோடு வந்து நின்றார்.

“ராக்கையா, எனக்கு நின்னோட பகை ஒண்ணும் இல்ல, கேட்டோ. பதினோரு வருஷமா பார்க்கறேன், நல்ல பணிக்காரன். பக்ஷே கட்டப்பனைக்காரன் ஒருத்தன் ரொக்கமா நிக்கறான். எனக்கும் கடன் உண்டு. கர்க்கடகம் ஒண்ணு வரைக்கும் யார்க்கும் கொடுக்க மாட்டேன். அது வாக்கு.”

மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அந்த இடத்தில் வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதினைந்து நாளில் நான் தட்டாத கதவு இல்லை. கடன் கம்பெனியின் உதவி எண்ணுக்கு வெறும் விண்ணப்பதாரர் மாதிரி ஒன்பது தடவை பேசினேன். ஒன்பது தடவையும் ஒரு பிள்ளை ‘நூற்றெண்பது நாள் கழித்து முயற்சி செய்யுங்கள் சார்’ என்று தேனாகச் சொன்னது. எனக்குத் தனிக் கடன் கேட்டேன். வீட்டுக்கு ஏற்கெனவே வாங்கியிருப்பதால் இல்லை என்றார்கள். மச்சான் தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் நடந்தார். அந்தக் கோடையில் எல்லார் செடியும்தான் கருகியது. யாரிடம் இருக்கும்?

அக்கா மட்டும் என்னிடமே வந்தாள். படியேறி மாடிக்கு வந்து, நான் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் பக்கத்தில் நின்றாள்.

“ஏன்டா பிரதீபு, ஒன் கம்பெனிதான? நீ எழுதுன கணக்குதான? எங்கக்காடான்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் வரலயா?”

“சொன்னேன்க்கா. அப்படி எல்லாம் செய்ய முடியாதுக்கா.”

“என்ன முடியாது? அதுல எதுக்கு எங்களைய வேண்டாம்னுச்சு? அதையாவது சொல்லு. நாங்க என்ன தப்பாப் போட்டோம்?”

வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீ போடச் சொன்ன ஒரு ரூபாய்தான்க்கா என்று சொல்லியிருந்தால் என் மேல் இருந்த பழி அந்த நிமிஷமே இறங்கியிருக்கும். மச்சானின் முகம் ஞாபகம் வந்தது. “நீங்க ஒரு தப்பும் போடலக்கா. கணக்கு அப்படி வந்துருச்சு” என்றேன்.

“கணக்கு அப்படி வந்துருச்சாம்! கணக்கு என்னடா தானா வருமா? எவனோ எழுதினாத்தான வரும்?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அதோடு என்னிடம் பேச்சு நின்றது.

ஆனி இருபதுக்கு ஜக்கையனின் நாற்று வேறு லோடில் ஏறியது. ஆடி ஒன்றுக்குப் பேபிச்சன் முதலாளி தன் வாக்குப்படி மத்தியானம் வரைக்கும் காத்திருந்தார். பிறகு கட்டப்பனைக்காரர் கையெழுத்துப் போட்டார். மச்சான் மேலே போய், கொட்டகையில் இருந்த மருந்தடிக்கிற மெஷினையும் இரண்டு மண்வெட்டியையும் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். பதினோரு வருடத்தில் எடுத்துவர வேண்டியது அவ்வளவுதான் இருந்தது.

ஆவணியில் ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனவன் ஜீப்பு நிற்கிற இடத்தில் அக்காவைப் பார்த்தேன். தூக்குவாளியோடு மற்றப் பெண்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூலிக்கு, களை எடுக்கப் போகிறாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளாகவே பேசினாள்.

“எந்தத் தோட்டம்னு கேக்கலயாடா? நம்ம தோட்டம்தான். கட்டப்பனைக்காரரு நல்லாத்தான் நட்டிருக்காரு.” கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. “அந்த எடத்துக்கு நேரா பூஜ்யம் விழுந்துறக் கூடாதுன்னு அம்புட்டுப் பாத்தேன்டா. அப்படியும் பூஜ்யமாத்தான் போச்சு.”

ஜீப்பு கிளம்பிவிட்டது. நான் பாலை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பரில் தணிக்கை முடிந்தது. என் ஒரு வரியை ஏற்றச் சொல்லி அனுமதி வந்தது. ஒரு ரூபாய் போட்ட அந்த ஐம்பத்து நாலு பேரின் பூட்டையும் உடனே திறந்துவிடுவதாக வித்யா மேடம் மேலே பேசி வாங்கியிருந்தார். அதற்கு நான் ஒரு பாரம் நிரப்ப வேண்டும். என்ன பிழை, எப்படித் திருத்தினேன் என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில், ‘இப்பிழையால் இழப்பு அடைந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை’ என்று இருந்தது.

ஐம்பத்து நாலு என்று போட்டு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. வித்யா மேடம் கூப்பிட்டார்.

“பிரதீப், திருப்பி அனுப்பினது வேற, இழப்பு வேற. இழப்புன்னு யாராவது நிரூபிச்சிருக்காங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு ஒருத்தங்க இருக்காங்க மேடம்.”

“தெரியும். ஆனா அங்க ஒண்ணுன்னு போட்டாக்கூட அது சட்டப் பிரிவுக்குப் போகும். டிசம்பர் ஆயிடும். மத்த ஐம்பத்து மூணு பேர் அதுவரைக்கும் பூட்டுலயே கிடப்பாங்க. ஐப்பசி மழையிலயாவது நட்டுடலாம்னு எத்தனை பேர் இருப்பாங்களோ? நீங்களே முடிவு பண்ணுங்க.”

போனை வைத்தேன். ஐம்பத்து நாலை அழித்தேன். கை தானாக ஒன்று என்று அடித்தது. பிடரியில் அப்பா அடித்த இடம் விறுவிறுவென்று இருந்தது. கொஞ்ச நேரம் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையும் அழித்துவிட்டு, எங்கள் அக்காவுக்கு நேராக, மூன்று ஏக்கருக்கு நேராக, பூஜ்யம் போட்டேன். பாரம் உடனே போய்ச் சேர்ந்துவிட்டது.